துரைசாணியின் போத்தல்

என் அக்கா அறுபது வருடங்களாக ஒரு காரியத்தைத் தன்னுடைய தவறு என்று நம்பி வந்தாள். அது என்னுடைய தவறு. போன மாதம்தான் அவளிடம் அதைச் சொன்னேன். அவளுக்கு எண்பத்தாறு வயது, எனக்கு எண்பது. இவ்வளவு காலம் ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்பாள் என எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு. அதைக் கேட்டபிறகுதான் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் மலாயாவில், புக்கிட் செலம்பாவ் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். எங்களுக்குப் பெற்றோர் இல்லை. நான் அக்காவோடும் மச்சானோடும் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒரே வீட்டில் வளர்ந்தேன். அக்கா பால் மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்து, என்னைப் படிக்க வைத்தாள். அதனால் இருபது வயதில் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் சின்ன வாத்தியாராக இருந்தேன். சண்டை வந்ததும் வெள்ளைக்காரத் துரை காரில் ஏறிப் போய்விட்டார். ரப்பரை வாங்க ஆள் இல்லை. பாதி மலையில் மரங்களை வெட்டிச் சாய்த்து மரவள்ளி நடச் சொன்னார்கள். என்னைச் சுங்கைப் பட்டாணிக்கு அனுப்பி மூன்று மாதம் ஜப்பான் மொழி கற்றுக்கொடுத்தார்கள். நான் திரும்பி வந்து பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தேன். நன்றாகவே கற்றுக்கொடுத்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

சண்டைக்கு முன்பே மச்சான் ஆற்றுக்கு அப்பால் இருந்த மலாய்க்காரர் கிராமமான கம்பத்திலிருந்து ஒரு பசு வாங்கியிருந்தார். லயத்தில் ஒருசிலரிடம்தான் மாடு இருந்தது. மச்சான் அதற்குக் கொட்டகை போட்ட அக்கறையில் பாதிகூட எங்கள் வீட்டுக் கூரைமேல் காட்டியதில்லை என்பாள் அக்கா. பசு சினையாக இருந்தபோதுதான் சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுக்கும் பட்டியல் வந்தது. மச்சான் பெயர் அதில் இருந்தது. மூன்று மாத வேலை, பிறகு வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார்கள்.

லாரியில் ஏறுவதற்கு முன் மச்சான் அக்காவிடம் சொன்னார்: "நான் வர்றதுக்குள்ள மாடு கன்னு போட்ரும். பால் காப்பி ஒண்ணு தயாரா இருக்கணும், ஆமா."

"காப்பிக்கு நான் பால் வச்சிருக்கேன். சீனிய நீங்க கொண்டாங்க," என்றாள் அக்கா.

ஊரில் யாரும் சீனியைப் பார்த்தே பல மாதங்கள் ஆகியிருந்தன. லாரியில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

மாடு கன்று போட்டது. செம்பழுப்பு நிறக் கிடேரி, நெற்றியில் மட்டும் விபூதி பூசியது போல் ஒரு வெள்ளை. பன்னிரண்டாம் நாள் காலையில் தாய் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் போய்விட்டது. அங்கே எல்லா வீடுகளும் மரவள்ளித் தோலைக் கொட்டுகிற குவியல் இருந்தது. நாங்கள் ரப்பர் மரத்தோடு வாழ்ந்தவர்கள். மரவள்ளியைத் தின்று வாழ்வது எங்களுக்குப் புதிது. கிழங்கைத் தோல் நீக்கி, வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தின்ன வேண்டும் என்று கம்பத்து ஆட்கள் சொல்லியிருந்தார்கள். அப்படியே செய்தோம். அந்தத் தோலை மாடு தின்றால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வாயில் நுரை தள்ளிக் கால்களை உதைத்துக்கொண்டு மத்தியானத்துக்குள் மாடு செத்துப்போனது.

கடைசி வீட்டில் ஓர் அண்ணன் இருந்தார். மரம் வெட்டுகிறவர், வாய் சும்மா இராது. அவர்தான் முதலில் வந்தார்.

"தங்கச்சி, சொல்றேன்னு கோச்சுக்காத. தாயில்லாம இது நாலு நாள் தாங்காது. பேசாம..."

"பேசாம இருங்கண்ணே," என்றாள் அக்கா. "அவரு வந்து கேட்டா நான் என்னா சொல்றது? மாட்டையும் விட்டுட்டேன், கன்னையும் விட்டுட்டேன்னா?"

அன்றைக்கே வேலையைத் தொடங்கினாள். துரை பங்களாவின் பின்புறம் காலி பீர் போத்தல்கள் மலைபோல் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்துச் சாம்பல் போட்டுக் கழுவினாள். அடுத்த லயத்தில் ஒரு பெரியம்மா ஆடு வளர்த்தார். அவருடைய மரவள்ளிப் பாத்தியில் அக்கா களை பிடுங்கினால் தினமும் அரைப் போத்தல் ஆட்டுப்பால் தருவதாகப் பேச்சு. மீதிக்கு அரிசி கிடைத்தால் கஞ்சித் தண்ணீர், கிடைக்காவிட்டால் கேழ்வரகுக் கஞ்சியை வடிகட்டி ஊற்றலாம். எல்லாம் சரி, காம்புக்கு எங்கே போவது? கடையில் கிடைக்கிற காலமா அது?

சுற்றிலும் ஆயிரக்கணக்கான ரப்பர் மரங்கள் இருந்தன. கன்றுக்கு ஒரு ரப்பர்க் காம்பு வாங்க வழியில்லை. இதை நினைத்து அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு உளியை எடுத்துக்கொண்டு போய், வெட்டாமல் விட்டிருந்த ஒரு மரத்தில் கோடு இழுத்து, ஒரு மங்கு ரப்பர்ப் பால் கொண்டுவந்தாள். நான் கொய்யாக் கம்பைக் கட்டைவிரல் கனத்துக்குச் செதுக்கி, நுனியை உருட்டி, கண்ணாடித் துண்டால் இழைத்துக் கொடுத்தேன். அதை ரப்பர்ப் பாலில் முக்கி எடுத்துக் காயவைத்தாள். காய்ந்ததும் மறுபடி முக்கினாள்.

முதல் காம்பு சீக்கிரம் இறுகட்டும் என்று ஸ்டோரில் மிஞ்சிக் கிடந்த ஆசிட்டில் இரண்டு சொட்டு விட்டுவிட்டாள். தோட்டத்தில் பாலை உறையவைக்கும் வழக்கம் கையில் ஊறியிருந்தது. கன்று அதை ஒரு முறை சப்பிவிட்டுத் தும்மி, அக்கா முகத்தில் எச்சிலைத் தெளித்தது. இரண்டாவது காம்பை ஆசிட் இல்லாமல், ஏழு தடவை முக்கி, நிழலில் ஆறவிட்டு, வெந்நீரில் அலசிச் செய்தாள். தையல் ஊசியைச் சுட்டு நுனியில் ஓட்டை போட்டாள். அந்தக் காம்பைக் கன்று ஏற்றுக்கொண்டது. முதல் மடக்கு உள்ளே போனதும் அதன் வால் ஆடிய ஆட்டத்தை நான் மறக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்து, "டேய், குடிக்குதுடா!" என்று கத்தினாள். மச்சான் போனபிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தக் காம்பு பத்து நாள் தாங்காது. சூட்டில் பிசுபிசுத்துப் போகும். ஒட்டாமல் இருக்க மரவள்ளி மாவு பூசுவாள். பிறகு புதிதாக முக்கிச் செய்வாள். என் கொய்யாக் கம்பு கருத்து வழவழப்பாகிவிட்டது.

அந்தக் காலத்தில் போத்தலில் பால் குடித்து வளர்ந்தவை எங்கள் தோட்டத்தில் துரை வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான். அதனால் கடைசி வீட்டு அண்ணன் கன்றுக்குத் துரைசாணி என்று பட்டம் கட்டிவிட்டார். வீட்டைத் தாண்டும்போதெல்லாம் குரல் கொடுப்பார்: "என்னா வாத்தியாரே, தொரசாணிக்கு டீ ஆச்சா? பிஸ்கட்டு கேட்டாங்களா?"

"பிஸ்கட்டு இல்லன்னு கோவமா இருக்காங்களாம். உங்களக் கூப்புட்டு முட்டணுமாம்," என்பாள் அக்கா.

பால் நேரத்தில் போத்தலின் கழுத்தைக் கரண்டிக் காம்பால் மூன்று முறை தட்டுவாள். டிங், டிங், டிங். துரைசாணி எங்கிருந்தாலும் ஓடி வரும். வந்ததும் முதலில் வயிற்றில் ஒரு முட்டு. மடியை முட்டிப் பால் இறக்கும் கன்றுகளின் வழக்கம் அது. அதற்குத் தெரிந்த மடி அக்காவின் வயிறும் என் வயிறும்தான். காலையில் அக்கா பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனால் கூடவே போய் ஆட்கள் வரிசையில் நிற்கும். தோட்டத்துக் கணக்கரான கிராணியார் பேரேட்டிலிருந்து தலை தூக்கி, "இது எந்த லயத்து ஆளு?" என்பார். அவர் நல்ல மனிதர். ஜப்பான்காரர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் நின்று அடி வாங்கியவர்.

பள்ளிக்கும் வரும். தினமும் வகுப்புக்கு முன் நானும் பிள்ளைகளும் ஜப்பான் ராஜா இருக்கிற திசை பார்த்து இடுப்பு வளைத்துக் கும்பிட வேண்டும். ஒருநாள் நான் குனிந்திருந்தபோது துரைசாணி உள்ளே வந்தது. குனிந்த வாத்தியாரைப் பார்த்தால் அதற்கு என்ன தெரியும்? பால் நேரம் என்று நினைத்து வயிற்றில் ஒரே முட்டு. நான் கரும்பலகையோடு விழுந்தேன். பிள்ளைகள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பை அந்த மூன்றரை வருடத்தில் வேறெப்போதும் கேட்டதில்லை. நல்ல வேளை, மேற்பார்வைக்கு வருகிற அதிகாரி அன்று வரவில்லை. வீட்டில் சொன்னபோது அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அதுக்குப் பயம்னா என்னான்னே தெரியாதுடா," என்றாள். அதைப் பெருமையாகச் சொன்னாள்.

மூன்று மாதம் ஆயிற்று, ஆறு மாதம் ஆயிற்று. மச்சான் வரவில்லை. சயாமிலிருந்து ஒரு கடிதமும் இல்லை. பக்கத்துத் தோட்டங்களில் திரும்பி வராதவர்களைப் பற்றிப் பேச்சு அடிபட்டது. அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் துரைசாணிக்கு உண்ணி பிடுங்குவாள். "இது ஒரு ஈத்து ஈனுறதுக்குள்ள அவரு வந்துருவாரு. சொன்னபடி காப்பி குடுப்பேன்," என்பாள். அந்தக் கன்று உயிரோடு இருக்கும்வரை அவள் கணக்கில் அவரும் உயிரோடு இருந்தார். இது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் நான் அதைச் செய்தேன்.

துரைசாணிக்கு எட்டு மாதம் இருக்கும். புல் மேயத் தொடங்கி நாளாகிவிட்டது. ஆனாலும் காலையில் ஒரு போத்தல் கஞ்சித் தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் வாசலை விட்டு நகராது. அந்தச் சமயத்தில், சிப்பாய்கள் தோட்டம் தோட்டமாக வந்து மாடு பிடிக்கிறார்கள் என்று செய்தி வந்தது. லயத்துக்காரர்கள் துரைசாணி தவிர இருந்த பதினொரு மாடுகளையும் ஓடைக்கு அப்பால் அடர்ந்த பெலுக்கார்ப் புதர்க்காட்டில் கொண்டுபோய்க் கட்டினார்கள். துரைசாணியைக் கட்டினால் ஊரே கேட்கக் கத்தும். அதனால் அக்கா அதைக் கட்டாமல் அங்கே மேய விட்டு, சாயங்காலம் போய்க் கஞ்சித் தண்ணீர் ஊட்டிவிட்டு வந்தாள். "யாரும் போத்தலத் தட்டாதீங்க," என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். அக்கா தூரத்து மலையில் மரவள்ளி வேலைக்குப் போயிருந்தாள். லயத்து முன்னால் லாரி வந்து நின்றது. நான்கு சிப்பாய்களும் ஓர் அதிகாரியும். அதிகாரி கிராணியாரைப் பார்த்து மலாயில், "லெம்பு அடா?" என்றான்.

"தாடா, துவான்," என்றார் கிராணியார். மாடு இல்லை.

அதிகாரி தரையைப் பார்த்தான். காலடியில் காயாத சாணி கிடந்தது. கிராணியாரின் கன்னத்தில் இரண்டு அறை விழுந்தது. மூக்குக் கண்ணாடி தெறித்து விழுந்தது. பிறகு அதிகாரி என்னைப் பார்த்தான். நான் இடுப்பு வளைத்து வணங்கி ஜப்பான் மொழியில் காலை வணக்கம் சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது. வாத்தியார் என்பதற்கு அவர்கள் மொழியில் உள்ள சொல்லால் என்னை மரியாதையாக அழைத்தான். அந்த நேரத்திலும் அது எனக்கு இனித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மாடு எங்கே என்று கேட்டான். எனக்குப் புரிந்தது. அடுத்து அவன் சொன்னதும் புரிந்தது: சயாமுக்கு இன்னும் ஆள் வேண்டும், இந்தத் தோட்டத்தில் வாலிபர்கள் இருக்கிறார்கள் போலிருக்கிறதே.

கிராணியார் கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "வாத்தியாரே, ஒண்ணக் குடுத்தா போயிருவானுங்க. இல்லன்னா உள்ளாற பூந்து அத்தனையும் பிடிச்சிருவானுங்க."

ஒன்றைக் கொடுத்துப் பதினொன்றைக் காப்பாற்றினேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் அப்போது நான் நினைத்தது பதினொரு மாடுகளை அல்ல, சயாம் பட்டியலை. அதில் என் பெயர். அவ்வளவுதான்.

இரண்டு நிமிடம் அவகாசம் கேட்டு வீட்டுக்குள் போனேன். அடுப்பின் மேல் சட்டி மூடியிருந்தது. போத்தல் கூரைக் கம்பியில் காம்போடு தொங்கியது. அதையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்கு நடந்தேன். சிப்பாய்கள் கயிற்றோடு எனக்குப் பின்னால் நின்றார்கள். மூன்று முறை தட்டினேன்.

உடனே வரவில்லை. வராமல் போகட்டும் என்று நினைத்தேன். ஆனாலும் மறுபடி தட்டினேன். காட்டுப்புதர் அசைந்தது. துரைசாணி காதுகளை விறைத்துக்கொண்டு ஓடைத் தண்ணீரைச் சிதறடித்து ஓடி வந்தது. வழக்கம்போல் என் வயிற்றில் ஒரு முட்டு. காம்பை வாயில் பிடித்துக்கொண்டது. சப்பிக்கொண்டே இருந்தது. கயிறு கழுத்தில் விழுந்தபோதும் விடவில்லை. ஒரு சிப்பாய் அதன் நெற்றியைத் தட்டிச் சிரித்தான். சின்னதாக இருக்கிறதே என்று அதிகாரி முகம் சுளித்தான். பிறகு ஏற்றச் சொன்னான். லாரியின் பலகை வழியே ஏறும்போதும் அது திரும்பிப் பார்த்தது என்னை அல்ல, என் கையிலிருந்த போத்தலை.

அக்கா மத்தியானம் வந்தாள். லயத்து வாசலிலேயே ஆட்கள் சொல்லிவிட்டார்கள். அவள் என்னிடம் ஓடி வந்து, "எப்பிடிடா? எப்பிடி கண்டுபிடிச்சானுங்க?" என்று கேட்டாள்.

"அது தானா வந்துருச்சுக்கா," என்றேன். "லாரி சத்தம் கேட்டு வந்து அவனுங்ககிட்ட நின்னுச்சு."

அவள் அதை நம்பினாள். நம்பக்கூடிய பொய் அது. யாரைக் கண்டாலும் போய் நிற்கிற கன்றுதானே. வாசல் படியில் உட்கார்ந்து சொன்னாள்: "நான்தான்டா கெடுத்தேன். தாய்கிட்ட வளந்திருந்தா மனுசனப் பாத்து மிரண்டிருக்கும். கையில வளத்துப் பயமில்லாம பண்ணிட்டேன்."

ஓடைக்கரையில் லயத்து ஆள் வேறு யாரும் இருக்கவில்லை. கிராணியாரும் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. சண்டை முடிந்ததும் அவர் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். என் பெயர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. அதற்குக் கன்று காரணமா என்று எனக்குத் தெரியாது.

மச்சான் திரும்பி வந்தார். எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு, சண்டை முடிந்து சில வாரங்கள் கழித்து லயத்துக்கு நடந்தே வந்தார். அக்கா அழுதுகொண்டே அவரிடம் முதலில் சொன்னது, "கன்ன நான் பறிகுடுத்துட்டேங்க," என்பதுதான். அவர் சிரித்தார். "நானும்தான் சீனி கொண்டாரல. விடு," என்றார். வெறும் காப்பியைக் குடித்துவிட்டு இரண்டு நாள் தூங்கினார்.

பிறகு அவர்கள் சுங்கைப் பட்டாணிக்குப் பக்கம் குடிபோய் மாடு வளர்த்துப் பால் வியாபாரம் செய்தார்கள். இருபது மாடு வரைக்கும் இருந்தது. நான் படித்து, பெரிய வாத்தியாராகி, ஓய்வும் பெற்றேன். ஒரு முறை அவர்கள் கொட்டகையில் ஒரு பசு கன்று போட்டதும் செத்துப்போனது. அக்காவின் மகன் சீனன் கடைக்குப் போய் நல்ல ரப்பர்க் காம்பு வைத்த போத்தல் வாங்கிவந்தான். அக்கா அதைத் தொட மறுத்துவிட்டாள். கன்றை யாருக்கோ கொடுத்தனுப்பினாள். "கையில வளத்தா நம்பிரும்டா. நம்பினது பொழைக்காது," என்று அவனிடம் சொன்னாள். நான் அன்று அங்கேதான் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். டீயைக் குடித்து முடித்தேன்.

மச்சான் காலமாகிப் பல வருடம் ஆகிறது. போன மாதம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். மகன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கண் சரியாகத் தெரியாது, விரல்தான் பார்க்கிறது. பேரப்பிள்ளை எங்கிருந்தோ ஒரு பூனைக்குட்டியைத் தூக்கிவந்து மருந்துப் புட்டியில் பால் ஊட்டிக்கொண்டிருந்தாள். அக்கா, "வேண்டாம்மா, தாய் இருக்கிற எடத்துல விட்டுரு. நான் ஒரு உசுர அப்பிடித்தான் கொன்னேன்," என்றாள்.

அப்போது சொன்னேன். முழுதும் சொன்னேன். அது தானாக வரவில்லை, போத்தலைத் தட்டி நான்தான் கூப்பிட்டேன், சயாமுக்குப் பயந்து கூப்பிட்டேன் என்றேன்.

அக்கா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. இரண்டு மூன்று ஈர்க்கு உருவினாள். பிறகு கேட்டாள்:

"போத்தல்ல ஏதாச்சும் இருந்துச்சா?"

"இல்லக்கா. வெறும் போத்தல்."

அவள் கை நின்றது.

"அன்னிக்கு அடுப்புல கஞ்சித் தண்ணி மூடி வச்சிட்டுத்தான வேலைக்குப் போனேன்," என்றாள். "சாயங்காலம் அதுக்குக் குடுக்கலாம்னு. ஒரு வாய் ஊத்திட்டுக் கூப்ட்ருக்கலாம்லடா."

ஊற்றியிருக்கலாம். சட்டியைத் திறந்து பார்த்தேன், கஞ்சி இருந்தது. நேரமும் இருந்தது. மறுபடி மூடிவிட்டுத்தான் போனேன்.